எண்ணெய் உணவில் சேர்த்தி இல்லை

கணவனின் உயிரைக் கீரைதான் தின்றுகொண்டிருக்கிறது என்று கலியோப்பி உறுதியாக நம்பினாள். செப்டம்பர் மாதத்திலிருந்து அந்த வீட்டு அடுப்பில் ஆட்டுக்கறி ஏறவில்லை. பாலாடைக்கட்டி அடைத்த பணியாரம் இல்லை, புகைபோட்ட பன்றிக்கறி இல்லை, ரொட்டிகூடக் கண்ணில் படக் கூடாதென்று துணி சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். தினமும் மதியம் சிஃபிஸ் ஒரு தட்டுக் காட்டுக்கீரையின் முன்னால் உட்காருவான். கோயில் சுவரில் வரைந்திருக்கும் தியாகிகளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு முள்கரண்டியை எடுப்பான். எதிரில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது அவளுக்குத் தாங்கமுடியாத வேலையாக இருந்தது.

எல்லாம் அர்கிரோவுக்காக. அர்கிரோ சிஃபிஸின் அக்கா. அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய், வாரத்தில் மூன்று நாள் இராக்லியோ நகரத்துக்குப் போய் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்திருந்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறாள். தம்பியின் இரத்தம் அவளுக்குப் பொருந்தியது. மற்றச் சோதனைகளும் பொருந்தின. மருத்துவர் படங்களையெல்லாம் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கடைசியில் தராசைப் பார்த்தார். சிஃபிஸ் நூற்றெட்டுக் கிலோ இருந்தான். தொண்ணூற்றாறுக்கு இறங்கி வந்தால் ஏதென்ஸுக்கு அறுவைக்கு அனுப்புகிறேன், அதற்கு மேல் ஒரு கிலோ இருந்தாலும் அனுப்ப மாட்டேன் என்றார். கொழுப்பு மூடிய வயிற்றில் கத்தி வைப்பதும் கஷ்டம், தையல் ஆறுவதும் கஷ்டம். அதைவிட, மிச்சமுள்ள ஒரே சிறுநீரகத்தோடு காலம் தள்ளப்போகிறவனுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்தால் அதுவும் போய்விடும். அர்கிரோவின் இதயம் களைக்கத் தொடங்கிவிட்டது, கோடைக்குள் முடித்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

சேதி ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து சிஃபிஸுக்குத் தொல்லை ஆரம்பமாயிற்று. உடம்பில் ஓர் உறுப்பைக் கொடுக்கப்போகிறவன் வலுவாக இருக்க வேண்டாமா என்பது ஊரின் வாதம். காப்பிக் கடையில் அவன் உட்கார்ந்தால் கடைக்காரர் கேட்காமலேயே ராக்கிச் சாராயமும் வறுத்த கல்லீரலும் கொண்டுவந்து வைத்தார். மேல்தெருக்காரி முட்டை அனுப்பினாள். வேட்டைக்குப் போகிறவர்கள் முயலைத் தோலுரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார்கூட, தானம் செய்கிறவனுக்கு விரதங்களிலிருந்து விலக்கு உண்டு என்று தாமாகவே வந்து சொன்னார். சிஃபிஸ் எல்லாவற்றையும் மறுத்தான். மறுக்க மறுக்க ஊரில் அவன் மதிப்பு கூடியது. எடை மட்டும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கலியோப்பி கீரை சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைப்பாள். வடிகட்டியில் கொட்டி, கரண்டியால் அழுத்தி, நீரைப் பிழிந்தெடுப்பாள். தட்டில் பரப்பி, எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவுவாள். இதுவரை அந்தத் தட்டில் ஓர் ஆளுக்குப் பலம் தரும் எதுவுமே இல்லை. பிறகு எண்ணெய்க் குடுவையை எடுத்துச் சாய்ப்பாள். கீரை மேலெல்லாம் பளபளத்து, தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு வளையம் கட்டும்வரை குடுவை நிமிராது. பீன்ஸ் ஆனால் எண்ணெயிலேயே வேகும், தண்ணீர் துணைக்குத்தான். ராத்திரி பார்லி ரஸ்கின் மேல் தக்காளியைத் துருவிப் போட்டு ஊற்றும் எண்ணெயை அந்த ரஸ்க் மண் மழையைக் குடிப்பதுபோலக் குடித்துவிடும். ஊற்றியது எங்கே போயிற்று என்றே தெரியாது, அதனால் இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள்.

இதெல்லாம் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று, கலியோப்பியின் இரக்கம். கறி இல்லை, ரொட்டி இல்லை, பாவம் மனுஷன், எண்ணெயாவது தாராளமாக இருக்கட்டும் என்று முன்பைவிட அரை மடங்கு அதிகமாகக் குடுவை சாய்ந்தது. அவள் கை சாய்கிறது என்பது அவளுக்கே தெரியாது. அவர்களுடைய தோப்பு, அவர்கள் உதிர்த்த ஆலிவ், ஊர்ச் செக்கில் ஆட்டிக் கொண்டுவந்து கீழறையில் தகரம் தகரமாக அடுக்கிய எண்ணெய். அதை உணவென்று சொன்னால் வீட்டுச் சுவரையும் கூரையையும் உணவென்று சொல்ல வேண்டியதுதான்.

நவம்பரில் சிஃபிஸ் அக்காவை இயந்திரத்துக்கு அழைத்துப் போன நாளிலேயே தன் எடையையும் காட்டினான். அரைக் கிலோ கூடியிருந்தது. அங்கே உணவு ஆலோசனை சொல்கிறவள் தனாயி என்ற இளம்பெண். வடக்கே மலைப்பக்கத்தில் கொஸானியிலிருந்து வந்தவள். அவர்கள் வீடுகளில் வெண்ணெயிலும் பன்றிக்கொழுப்பிலும் சமைப்பார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சிஃபிஸ் ஒளிக்காமல் சொன்னான்: காலையில் காப்பி, மதியம் கீரை அல்லது பீன்ஸ், ராத்திரி ஒரு ரஸ்க். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டுமென்று தோன்றவும் இல்லை. அவளும் கேட்கவில்லை. அவள் ஊரில் ஒரு கரண்டி விட்டால் அதுவே அதிகம்.

தனாயி மனதுக்குள் கூட்டிப்பார்த்துப் பயந்துவிட்டாள். இது ஒரு பூனைக்குத்தான் போதும், இப்படிக் கிடந்தால் கொழுப்புக்கு முன்னால் தசை கரையும், மயக்கம் வரும், ஒருநாள் தாங்கமுடியாமல் கண்டதையும் தின்று தீர்ப்பீர்கள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, வெளியில் எங்கேயாவது ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். சிஃபிஸ் அம்மாவின் எலும்புகள்மீது சத்தியம் செய்தான். சரி, காலையில் இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

கலியோப்பி இரண்டு முட்டையையும் பொரித்துக் கொடுத்தாள். எதில் பொரித்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த நவம்பர் நாளில் மருத்துவமனையிலிருந்து திரும்பிவரும் வழியிலேயே வண்டிக்குள் சண்டை வந்துவிட்டது. அர்கிரோவுக்கு நாக்கு கூர்மை, உடம்பு நொந்த பிறகு இன்னும் கூர்மையாயிற்று. தக்காளி தின்றால் அவளுக்கு ஆபத்து, ஆரஞ்சு தின்றால் ஆபத்து, உருளைக்கிழங்கு வேண்டுமானால் துண்டாக்கி ஊறவைத்து இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டிய பிறகுதான். அவற்றிலுள்ள பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது இரத்தத்தில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறாள். இரண்டு வருஷமாக இப்படி வாயைக் கட்டிக்கொண்டிருப்பவளுக்குத் தம்பியின் அரைக் கிலோ தாங்கவில்லை.

"டேய், எனக்குக் கொடுக்க இஷ்டம் இல்லேன்னா வாயத் தொறந்து சொல்லு. திருடித் தின்னு எடையைக் காட்டாத" என்றாளாம்.

அதை வீட்டுக்கு வந்து சிஃபிஸ் கலியோப்பியிடம் சொன்னான். அதன்பிறகு பல வாரங்கள் அவன்தான் அவளை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனான், அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். மலை இறங்கிச் சமவெளி தாண்டி நகரம் வரும்வரை வானொலி மட்டும் பேசியது.

ஜனவரியில், கணவன் திருடன் இல்லை என்று சாட்சி சொல்லவே கலியோப்பி கூடப் புறப்பட்டாள். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. அந்த வருஷத்துப் புது எண்ணெயை ஒரு பெரிய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி, பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தராசு இந்த முறை நூற்றொன்பது காட்டியது. சிஃபிஸ் தராசிலிருந்து இறங்கிச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு சட்டையைப் போட்டான். தனாயி எண்ணைக் குறித்துக்கொண்டாள். இந்தச் சங்கடத்தைக் கலைக்கத்தான் கலியோப்பி பாட்டிலை மேசைமேல் வைத்தாள். இதெல்லாம் வேண்டாமே என்றாள் தனாயி.

"கூச்சப்படாதே என் பொண்ணே, வாங்கிக்கோ. எங்க சொந்த மரம். வீட்ல நெறைய இருக்கு. இருக்குன்னு நெனச்சேன், இந்தப் பத்தியம் வந்ததுலேர்ந்து தகரம் நிக்கவே மாட்டேங்குது."

தனாயியின் கை பாட்டிலின் கழுத்திலேயே நின்றது. "எந்தத் தகரம்மா?"

"எண்ணெய்த் தகரம்தான். பதினேழு கிலோ. முன்னெல்லாம் மூணு மாசம் வரும். இப்ப ரெண்டு மாசம்கூடத் தாங்கல."

"வீட்ல எத்தனை பேரு?"

"நானும் இவரும்தான். நான் என்னத்தத் தின்னேன், எல்லாம் இவரு தட்டுலதான்" என்று கலியோப்பி பெருமையோடு சொன்னாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே கலியோப்பி பிறகு அவளை மன்னித்தாள். தனாயி சற்று நேரம் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பிறகு, இரக்கத்தோடு பாதியைக் கலியோப்பியின் பேரிலேயே எழுதிவிட்டாலும், சிஃபிஸ் நாளொன்றுக்குப் பத்து மேசைக்கரண்டிக்குக் குறையாமல் எண்ணெய் சாப்பிடுகிறான் என்றாள்.

"சாப்பிடல. கீரைமேல ஊத்தறது" என்று கலியோப்பி திருத்தினாள். "எண்ணெய் சாப்பாட்டுல சேர்த்தி இல்லையே."

"ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு முழு உருளைக்கிழங்கும் உடம்புக்கு ஒரே கணக்கும்மா."

சிஃபிஸ் திரும்பினான். "அப்ப நான் தினமும் பத்து உருளைக்கிழங்கா தின்னேன்?"

"தின்னீங்க ஐயா. ஆனா ஒண்ணுகூட வயித்துக்குத் தெரியல."

அவள் விளக்கியதை அவர்கள் இருவரும் அன்று ஊர் திரும்பும்வரை பேசிப் பேசிப் புரிந்துகொண்டார்கள். வயிறு ஒரு தோல்பை. அதற்குக் கலோரி எண்ணத் தெரியாது, எவ்வளவு விரிந்தோம் என்றுதான் தெரியும். ஓர் உருளைக்கிழங்கு உள்ளே போனால் அது இடம்பிடித்து உட்காரும், பை விரியும், போதும் என்று மூளைக்குச் சேதி போகும். எண்ணெய் கீரையின் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு உள்ளே போகும், இடமே கேட்காது. இத்தனை மாதம் சிஃபிஸ் ஒரு முழு விருந்துக்குண்டான கலோரியைச் செலுத்திவிட்டு, ஒரு பட்டினிக்குண்டான பசியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் பட்டதெல்லாம் நிஜமான பசி. அதில் ஒரு துளிகூட அக்காவுக்குப் பயன்படவில்லை.

தனாயி சொன்ன புது ஏற்பாடு எளிமையானது, ஆனால் கேட்கவே அபத்தமாக இருந்தது. எண்ணெய் நாளுக்கு மூன்று கரண்டி, அளந்து. மற்றபடி தட்டு நிறையச் சாப்பிட வேண்டும். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, துவரைபோலக் குழைய வேகவைத்த பயறு, சுட்ட மீன், தோல் நீக்கிய கோழி, தண்ணீரில் வேகவைத்த நத்தை, கெட்டித் தயிர். தசை கரையாமலிருக்கப் புரதம், வயிறு விரியக் கிழங்கும் கீரையும். பசியோடு மேசையைவிட்டு எழுந்தால் எந்தப் பத்தியமும் ரெண்டு மாசத்தில் செத்துப்போகும், வயிறு நிறைஞ்சுதான் எழுந்திருக்கணும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

போர்க்காலத்தில் அந்த ஊரில் ரொட்டி இல்லாமல் இருந்திருக்கிறது, உப்பு இல்லாமல், செருப்பு இல்லாமல் இருந்திருக்கிறது. அப்போதும் எண்ணெயை யாரும் கரண்டியால் அளந்ததில்லை. கலியோப்பி அளந்தாள். யாராவது வீட்டுக்குள் வந்தால் கரண்டியை இடுப்பில் கட்டிய சமையல் துணியின் பையில் போட்டு மறைத்தாள்.

எடை இறங்கத் தொடங்கியது. நூற்றேழு, நூற்றைந்து என்று தராசு நல்ல வார்த்தை பேசியது. அக்காவும் தம்பியும் வண்டிக்குள் மறுபடி பேசினார்கள், பேசியதில் பாதி திட்டு என்றாலும் வானொலியை அணைத்துவிட்டுத் திட்டினார்கள். ஊர்தான் மாறிவிட்டது. பட்டினி கிடந்து எடை கூடியபோது சிஃபிஸ் தியாகி. இப்போது அவன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், தட்டில் மலைபோல உருளைக்கிழங்கையும் பக்கத்தில் அரைக்கோழியையும் கண்டார்கள். அவன் அக்காவைக் கைவிட்டுவிட்டான், பயத்தில் தின்றே தப்பிக்கப் பார்க்கிறான் என்று காப்பிக் கடையில் முடிவாயிற்று. வறுத்த கல்லீரல் நின்றுபோனது. ஒருநாள் கடைக்காரர் காப்பியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்தார். இடுப்புவாரில் புது ஓட்டை போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் கலியோப்பி. அந்த ஓட்டையை அவன் ஆணியால் குத்தியபோது வார் மறுபக்கத்தை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் சந்தோஷமாகச் சுத்தியலை வீசினான். நூறுக்கு வந்துவிட்டேன், இன்னும் நாலு என்றான். அவளுக்கு அந்த நாலு மிகக் குறைவாகப் பட்டது. செப்டம்பரில் பன்னிரண்டு என்று கேட்டபோது அது அடைய முடியாத எண்ணாக இருந்தது, அதனால் பயம் இல்லை. இப்போது ஏதென்ஸ் அருகில் வந்துவிட்டது. நல்ல உடம்போடு உள்ளே போகிற மனிதனைக் கிடத்தி, பக்கவாட்டில் திறந்து, வேலை செய்துகொண்டிருக்கிற ஒன்றை எடுத்துவிட்டு மூடுவார்கள். கழுத்தில் கட்டி என்றால் எடுக்கட்டும். கெட்டது என்றால் எடுக்கட்டும்.

அந்த வாரத்திலிருந்து எடை நின்றது.

ஈஸ்டருக்கு முந்தைய பெருவிரதம் தொடங்கியிருந்தது. கலியோப்பி விரதத்தில் கண்டிப்பானவள். கறி, மீன், பால், முட்டை எல்லாம் விலக்கு. ஞாயிறும் சனியும் தவிர மற்ற நாளில் எண்ணெயும் விலக்கு. ஆலிவ் காயைத் தின்னலாம், அதன் எண்ணெயைத் தொடக் கூடாது. சிஃபிஸுக்குத்தான் பாதிரியார் விலக்குக் கொடுத்திருக்கிறாரே. ஊரில் எல்லா வீட்டு அடுப்பும் வறண்டிருந்த நாட்களில் அந்த ஒரு வீட்டில் மட்டும் எண்ணெய் ஓடியது. மேசையில் அவன் கண்ணெதிரே மூன்று கரண்டியைச் சத்தியமாக அளந்துதான் வைத்தாள். ஆனால் உருளைக்கிழங்கு பானையிலிருந்து தட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பானைக்குள் ஒருமுறை குடுவை சாய்ந்திருக்கும். பயறு அடுப்பில் கொதிக்கும்போதே ஒருமுறை. இந்த முறை கை சாய்வது அவளுக்குத் தெரிந்தது. எதற்கென்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சிஃபிஸ் நூறிலேயே நின்றான். மறுவாரமும் நூறு. தனக்குள் ஏதோ கோழைத்தனம் இருக்கிறது, உடம்பு வேண்டுமென்றே கொடுக்க மறுக்கிறது, ஊர் சொல்வது சரிதான் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டான். உருளைக்கிழங்கைக் குறைத்தான். பசி திரும்பி வந்தது.

இயந்திரம் இல்லாத ஒரு புதன்கிழமை மதியம் அர்கிரோ சாப்பிட வந்தாள். தனக்கான சாப்பாட்டைத் தானே டப்பாவில் கொண்டுவந்திருந்தாள், இரண்டு தண்ணீரில் வேகவைத்ததுதான். மூவரும் சாப்பிட்டார்கள். சிஃபிஸ் பாதியிலேயே தட்டைத் தள்ளிவிட்டு, தோப்பில் கிளை கழிக்க வேண்டும் என்று ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான். அர்கிரோ பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கலியோப்பியின் பின்னால் சமையலறைக்குள் வந்தாள். காலிப் பானையை வாங்கி, அடியில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கலியோப்பி, இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"உன் தட்டுல எண்ணெய் இல்ல."

"விரதமாச்சே."

"சாப்பாட்டுலயே சேராததுக்கு எதுக்குடி விரதம்?"

கலியோப்பி குழாயைத் திறந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அர்கிரோ குழாயை மூடினாள். தண்ணீர் வீணாவதை அவளால் பார்க்க முடியாது, அவளுக்கு ஒரு நாளைக்கு அனுமதித்தது சில குவளைகள்தான்.

"தொண்ணூத்தாறு வந்துட்டா கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள் கலியோப்பி. சிறிய குரலில், யாரோ வேறொருத்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

அர்கிரோ கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அர்கிரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றாலே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உன் இடத்துல நான் இருந்தா தகரத்தையே கவுத்திருப்பேன்" என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லு. நானே டாக்டர்கிட்ட போய், தம்பி வேண்டாம், வரிசையில நிக்கறேன்னு சொல்லிடறேன். அவனுக்குக் காரணம் தெரிய வேண்டாம். ஆனா இப்படிப் பண்ணாத. அவன் தன்னைக் கோழைன்னு நெனச்சிட்டிருக்கான்."

வரிசை என்றால் என்ன என்று கலியோப்பிக்குத் தெரியும். அர்கிரோவோடு இயந்திர அறைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அந்த வரிசையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவள் கைத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பிறகு அர்கிரோ வேறொன்று சொன்னாள். இரண்டு வருஷமாக அந்த இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வருகிற போகிற மருத்துவர்களையெல்லாம் கேள்வி கேட்டுச் சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது சும்மா இருக்காது. இரட்டை வேலை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு சில வாரங்களிலேயே பெரிதாக ஆரம்பிக்கும், இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் முக்கால் பங்கை அந்த ஒன்றே செய்யும். அதை வைத்துக்கொண்டு மனிதன் தொண்ணூறு வயதுவரை இருக்கலாம். அதைக் கெடுப்பது கொழுப்பும் சர்க்கரையும் அழுத்தமும்தான்.

"நீ ஊத்தறது எனக்கு விரோதம்னு நெனச்சிட்டிருக்க. எனக்கில்லடி. அவனுக்கு மிச்சம் இருக்கப்போற அந்த ஒண்ணுக்கு."

கலியோப்பி மடித்த கைத்துணியை மேசைமேல் வைத்தாள். பிறகு, எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டாள். கையால் காட்டச் சொன்னாள். அர்கிரோவுக்கு அது தெரியவில்லை. டாக்டரைக் கேள் என்றாள்.

அன்று மாலையே எண்ணெய்க் குடுவையைக் கலியோப்பி கீழறைக்கு இறக்கிவிட்டாள். சமையலறையில் ஒரு சிறிய மருந்துப் புட்டி மட்டும் இருந்தது, அதில் அன்றன்றைக்கு மூன்று கரண்டி. இரண்டு வாரத்தில் அவள் தனாயியையே மிஞ்சிவிட்டாள். சிஃபிஸ் உருளைக்கிழங்கைக் குறைத்தால் திட்டினாள், பயறை மிச்சம் வைத்தால் எழுந்திருக்க விடவில்லை. யார் வந்தாலும் கரண்டியை ஒளிக்கவில்லை. மேல்தெருக்காரி எட்டிப்பார்த்து, ஒரு கரண்டிதானா, ஏழை வீடாப்போச்சே என்றபோது, எண்ணெய் உணவு, அதனால்தானே புதன்கிழமை விலக்குகிறோம் என்று அவளுக்கே பாடம் நடத்தினாள். இதை ஏதோ தான் பிறந்ததிலிருந்து அறிந்திருந்ததைப் போலச் சொன்னாள். ஏன் நின்றது, ஏன் மறுபடி இறங்குகிறது என்று சிஃபிஸுக்கு விளங்கவில்லை. உடம்புக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். இரண்டு பெண்களும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஈஸ்டர் அன்று ஊர் முழுவதும் ஆட்டுக்குட்டி சுட்டபோது அவனுக்கும் ஒரு தொடைத்துண்டு கிடைத்தது, தயிரும் கீரையும் கிழங்கும் சேர்த்து வயிறு நிறைய. ஈஸ்டர் கழிந்த பத்தாம் நாள் மூவரும் இராக்லியோவுக்குப் போனார்கள். காலணியையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, தலையில் மிச்சமிருந்த முடியையும் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுச் சிஃபிஸ் தராசில் ஏறினான். தொண்ணூற்றைந்தரை.

மருத்துவர் இன்னொரு முறை ஏறச் சொன்னார். அதே எண். அவர் சிஃபிஸின் கையைக் குலுக்கினார், ஏதென்ஸுக்குப் பேசுகிறேன், ஜூன் தொடக்கத்தில் நடந்துவிடும் என்றார். சிஃபிஸ் அக்காவைப் பார்த்தான். அவள் ஏதாவது கிண்டல் சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.  அவள் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அவன் அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே நாற்காலிக்கு அழைத்துப் போனான்.

கலியோப்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மருத்துவரையே பார்த்தாள். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் அவர்.

"இவருகிட்ட மிச்சம் இருக்கறது பெருசாகும்னு சொன்னாங்க."

ஆமாம் என்றார் மருத்துவர். தன் முஷ்டியைக் காட்டி, இந்த அளவிலிருந்து கொஞ்சம் கூடும், கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார்.

"அது வளரணுமே. அதுக்கு நான் என்ன சமைக்கட்டும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டிருக்கவில்லை போலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விசேஷமாக எதுவும் வேண்டாம், உப்பு குறைவாக இருக்கட்டும், இப்போது சாப்பிடுவதையே சாப்பிடட்டும், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், அதற்குப் பிடித்தது தண்ணீர்தான் என்றார்.

"தண்ணி" என்றாள் கலியோப்பி.

"தண்ணிதாம்மா."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.  வளரப்போகிற ஒன்றுக்கு வெறும் தண்ணீரை எப்படி வைப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"அதுல என்னத்தப் போட்டு?" என்று கேட்டாள்.